சேபரை எதிர்த்த கொசு: நம்ம பக்கத்து ஊர்ல செஞ்ச நாட் விமானத்தின் கதை

(ஒலியில் பேசியது. படிக்கத் தோதாக அங்கங்கே சுருக்கியும் சீர்செய்தும் தந்திருக்கிறோம்.)

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. ஓசூர்ல பாலிடெக்னிக் படிக்கிற ஒரு தம்பி. "அண்ணா, வார் தண்டர்ல எதிர்ல எஃப்-86 சேபர் வந்தாலே நான் காலி. அதை அடிக்க எந்த விமானத்தை எடுக்கணும்?" அவ்வளவுதான் கேள்வி.

கேம் ஆடுறவங்க யோசிக்காம சொல்ற பதில் மிக்-15. தப்பில்ல. கொரியப் போர்ல அந்த ரெண்டும் நேருக்கு நேர் மோதுன கதையை நாம ஏற்கெனவே பேசியிருக்கோம். ஆனா அந்த வாய்ஸ் நோட்டைக் கேட்டப்ப எனக்கு வேற ஒரு விமானம்தான் ஞாபகம் வந்துச்சு. 1965-லயும் 1971-லயும் நிஜமாவே சேபரோட சண்டை போட்ட விமானம். அதை இங்கிலாந்துல வரைஞ்சாங்க. ஆனா பெரும்பாலானதைச் செஞ்ச இடம் அந்தத் தம்பி வீட்டிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டி, அத்திப்பள்ளி டோல், எலக்ட்ரானிக் சிட்டி, அப்புறம் சில்க் போர்டு சிக்னல்ல ஒரு ஜென்மம் காத்திருந்து, பழைய ஏர்போர்ட் ரோட்டுக்குப் போனா எச்.ஏ.எல். அங்கதான்.

விமானத்தோட பேர் நாட். ஃபோலண்ட் நாட். இங்கிலீஷ்ல நாட்-னா கொசு மாதிரி கடிக்கிற ஒரு குட்டிப் பூச்சி. பேருக்கு ஏத்த உருவம். ரெக்கையோட ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரைக்கும் சுமார் 6.7 மீட்டர்தான். நம்ம ஊர் அசோக் லேலண்ட் டவுன் பஸ்ஸோட நீளத்துல பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். எரிபொருள், குண்டு எதுவும் இல்லாத காலி எடை சுமார் 2.2 டன். இன்னைக்கு ரோட்டுல ஓடுற ஒரு பெரிய எஸ்யூவி எடைக்குப் பக்கம். சேபர் இதைவிட ரெண்டு மடங்குக்கும் மேல கனம், ரெக்கை 11 மீட்டருக்கு மேல.

இப்ப கேம்ல வர்ற மாதிரி ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்ப்போம். சேபரோட எஞ்சின்தான் பலமானது, சுமார் 2,680 கிலோ தள்ளுவிசை. நாட்டோட ஆர்ஃபியஸ் எஞ்சின் சுமார் 2,130 கிலோ. இதை மட்டும் பார்த்தா சேபர் ஜெயிச்சிடும். ஆனா ஒவ்வொரு கிலோ எடைக்கும் எவ்வளவு தள்ளுவிசை கிடைக்குதுன்னு கணக்குப் போட்டா கதை தலைகீழ். வெளி டேங்க் இல்லாம சண்டைக்குக் கிளம்புற நாட் மூணு டன்தான். அப்ப விகிதம் 0.7. சேபருக்கு அது 0.4 கிட்ட. 100 சிசி பைக்ல ஒல்லியா ஒருத்தரும், 150 சிசி பைக்ல மூணு பேரும் சூளகிரி மேட்டுல ஏறுனா எது முன்னாடி போகும்? அதான் விஷயம். மேல ஏறுறதுலயும், திரும்பி வேகத்தை இழந்தப்புறம் அதை மறுபடி பிடிக்கிறதுலயும் நாட் முந்திக்கும்.

இன்னொரு விஷயத்தை எந்த எண்ணும் சொல்லாது. நாட் கண்ணுக்குத் தெரியாது. கேம்ல எதிரி தலைக்கு மேல சிவப்பு எழுத்துல பேர் மிதக்கும், தூரம் கூட காட்டும். நிஜ வானத்துல ஒரு புள்ளியைத் தேடணும். எதிர்ல மூக்கைக் காட்டிக்கிட்டு வர்ற நாட், பக்கத்துல வர்ற வரைக்கும் ஒரு தூசு. ரேடார், ஏவுகணை எல்லாம் இன்னும் பெருசா வேலை செய்யாத காலத்துல, யார் யாரை முதல்ல பார்க்குறாங்கங்கிறதுதான் பாதிச் சண்டை.

இப்படி ஒண்ணைச் செய்யணும்னு யோசிச்சவர் டெடி பெட்டர்னு ஒரு இங்கிலாந்துக்காரர். கேன்பெரா குண்டுவீச்சு விமானமும் இவர் கைவண்ணம்தான். 1950-கள்ல போர் விமானங்கள் வருஷத்துக்கு வருஷம் ஊதிக்கிட்டே போறதைப் பார்த்து இவருக்கு எரிச்சல். கனம் கூடினா எஞ்சின் பெருசாகணும், எஞ்சின் பெருசானா எரிபொருள் கூடணும், எரிபொருள் கூடினா மறுபடி கனம். இந்தச் சுழலை உடைச்சு, ஒரு பெரிய விமானத்தோட காசுக்குப் பல சின்ன விமானங்களைச் செய்யலாம்னார். 1955 ஜூலையில நாட் முதல்முறையா பறந்துச்சு. பிரிட்டிஷ் விமானப்படை சண்டை விமானமா அதை வாங்கவே இல்ல. பின்னாடி ரெண்டு சீட் போட்ட பயிற்சி விமானமா மட்டும் வாங்கிச்சு. ரெட் ஆரோஸ் சாகசக் குழு முதல்ல பறந்தது அதுலதான். ஹாட் ஷாட்ஸ்னு 1991-ல ஒரு காமெடிப் படம் வந்துச்சே, அதுல வர்ற ஜெட்டும் அதேதான்.

ஒற்றை சீட் நாட்டை வாங்குனது மூணே நாடு. யூகோஸ்லாவியா ரெண்டு, பின்லாந்து பதிமூணு. மிச்சம் பூரா இந்தியா. பாகிஸ்தானுக்கு அமெரிக்கா சேபரைக் கொடுத்துக்கிட்டிருந்த நேரம் அது. நம்ம கையில காசு குறைவு, ஆனா சொந்தமா செய்யணும்ங்கிற ஆசை நிறைய. 1956-ல லைசென்ஸ் ஒப்பந்தம் போட்டாங்க. 1958 ஜனவரியில முதல் நாட் இந்தியாவுக்கு வந்துச்சு. எப்படின்னு நினைக்கிறீங்க? பறந்து வரல. பாக்கெட்-னு கூப்பிடுற சி-119 சரக்கு விமானத்தோட வயித்துக்குள்ள ஏத்திக்கிட்டு வந்தாங்க. ஒரு போர் விமானத்தை பார்சல் பண்ணி அனுப்புற அளவுக்குச் சின்னது.

இங்க கொஞ்சம் நிக்கணும், ஏன்னா எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான். அன்னைக்கு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட்னு பேர். 1940 டிசம்பர்ல வால்சந்த் ஹிராசந்தும் மைசூர் சமஸ்தானமும் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி. 1942-லயே அமெரிக்க ஹாக் போர் விமானத்தை இங்க பூட்டிப் பறக்க விட்டிருக்காங்க. அந்த ஹாக்கும் வார் தண்டர்ல இருக்கு, பி-36-னு தேடுங்க. அதனால பூட்டுற வேலை அவங்களுக்குப் புதுசு இல்ல. நாட்ல வந்த சவால் வேற. முதல்ல முழுசா வந்த விமானங்கள், அப்புறம் அரைகுறையா பூட்டினது, அப்புறம் தனித்தனிப் பாகங்கள்னு படிப்படியா வேலை பெங்களூருக்கு மாறுச்சு. இங்க பூட்டின முதல் நாட் 1959 நவம்பர்ல பறந்துச்சு. இந்தியாவுல செஞ்ச பாகங்களை வெச்சே எழுப்பின முதல் விமானம் 1962 மே மாசம். ஆர்ஃபியஸ் எஞ்சினுக்கும் பெங்களூர்லயே தனித் தொழிற்சாலை வந்துச்சு.

ஓசூர் சிப்காட்ல ஜாப் ஒர்க் எடுக்கிற லேத் பட்டறையில வேலை பார்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். கம்பெனிக்காரன் டிராயிங் கொடுப்பான். அதுல அளவு இருக்கும், டாலரன்ஸ் இருக்கும், என்ன மெட்டீரியல்னு இருக்கும். ஏன் இந்த அளவுங்கிறது மட்டும் எங்கயும் எழுதியிருக்காது. நீங்க மைக்ரோமீட்டரை வெச்சுப் பார்த்து, இன்ஸ்பெக்‌ஷன்ல ரிஜெக்ட் ஆகாம அனுப்பிடலாம். நூறு பீஸ், ஆயிரம் பீஸ். அப்பவும் அந்த ஓட்டை ஏன் அங்க இருக்குன்னு தெரியாது. நாட்டும் அப்படித்தான் வந்துச்சு: அங்குலக் கணக்குல, இன்னொருத்தர் மூளையில பிறந்த டிராயிங்கா. அதைத் துல்லியமா செய்யக் கத்துக்கிட்டாங்க. அந்த டிராயிங்குக்குள்ளயே ஒரு ஆபத்து இருந்ததைப் பைலட்டுகள்தான் முதல்ல கண்டுபிடிச்சாங்க. அதுக்கு வர்றேன். முதல்ல சண்டை.

1965 செப்டம்பர் 1. காஷ்மீர் பக்கம் சாம்ப் பகுதியில நம்ம விமானப்படை பழைய வாம்பயர் விமானங்களை அனுப்புச்சு. நாலு வாம்பயர் போச்சு. முதல் நாளே பெரிய அடி. உடனே நாட் இருந்த 23-வது ஸ்குவாட்ரன்ல ஒரு பகுதியை பதான்கோட்டுக்குக் கொண்டு வந்தாங்க. செப்டம்பர் 3 காலையில ஒரு தந்திரம். மிஸ்டேர் விமானங்கள் பாகிஸ்தான் ரேடார் கண்ணுல படுற உயரத்துல தூண்டில் புழு மாதிரி போகும். நாட் எல்லாம் தரையை ஒட்டி, யாருக்கும் தெரியாம பின்னாடியே வரும். சேபர் தூண்டிலைக் கடிக்க வரும்போது மிஸ்டேர் கீழ இறங்கிக் கழண்டுக்கும், நாட் சரசரன்னு மேல ஏறும். இதை ஏன் நாட்டை வெச்சுப் பண்ண முடிஞ்சதுன்னு இப்ப உங்களுக்கே தெரியும். சின்ன உருவம், வேகமான ஏற்றம். ரெண்டும் வேணும்.

திட்டம் பலிச்சது. ஸ்குவாட்ரன் லீடர் ட்ரெவர் கீலர் ஒரு சேபரைச் சுட்டார். அது புகையோட கீழ போறதைப் பார்த்தாங்க. இந்திய விமானப்படையோட முதல் ஜெட் வெற்றின்னு நாடே கொண்டாடுச்சு, அவருக்கு வீர் சக்ரா கிடைச்சுது. "சேபர் கொல்லி"ங்கிற பட்டப்பேர் பிறந்ததும் இந்தச் சண்டையிலதான்.

இங்க ஒரு உண்மையைச் சொல்லிடணும். வாட்ஸ்அப்ல வர்ற ஃபார்வர்டுல இது இருக்காது. அந்தச் சேபர் விழல. பலமா அடிபட்டு, பைலட் யூசஃப் அலி கான் அதை எப்படியோ ஓட்டிக்கிட்டுப் போய் இறக்கிட்டார். பின்னாடி ஆராய்ச்சி பண்ணுன இந்திய வரலாற்றாசிரியர்களே இதை ஒத்துக்கிட்டாங்க. கீலர் பொய் சொன்னாரான்னா, இல்லவே இல்ல. மணிக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் கிலோமீட்டர் வேகத்துல, பின்னாடி இன்னொருத்தன் துரத்துறப்ப, புகை விட்டுக்கிட்டுக் கீழ சரியுற விமானத்தைத் தரை வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வர முடியாது. கேம்ல ஸ்கிரீன் ஓரத்துல கில் விழுந்துச்சுன்னு எழுத்து வரும். நிஜத்துல அந்த எழுத்தைப் போட யாரும் கிடையாது. ரெண்டு பக்கக் கணக்கும் எப்பவுமே ஒத்துப் போகாது, எந்தப் போர்லயும்.

மறுநாள் பதானியா சுட்ட சேபர் நிஜமாவே விழுந்துச்சு, அதோட பைலட் பாராசூட்ல குதிச்சார். செப்டம்பர் 19 அன்னைக்கு ட்ரெவரோட அண்ணன் டென்சில் கீலரும் ஒரு சேபரை அடிச்சார், அவருக்கும் வீர் சக்ரா. லக்னோவைச் சேர்ந்த ஆங்கிலோ-இந்தியன் குடும்பம். ஒரே போர், ஒரே ரக விமானம், அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே விருது.

அதே செப்டம்பர் 3, அதே சண்டையில இன்னொண்ணும் நடந்துச்சு. ஸ்குவாட்ரன் லீடர் சிகந்த் ஓட்டுன நாட் கூட்டத்துல இருந்து பிரிஞ்சு போய், பாகிஸ்தான்ல பஸ்ரூர்ங்கிற ஊர்ல கைவிடப்பட்ட ஒரு ரன்வேயில இறங்கிடுச்சு. எங்க ஸ்டார்ஃபைட்டரைப் பார்த்துப் பயந்து சரணடைஞ்சார்னு பாகிஸ்தான் சொல்லும். வழி தப்பி, எரிபொருள் தீர்ந்து, நம்ம தளம்னு நினைச்சு இறங்கினார்னு இந்தியா சொல்லும். அந்த விமானம் இன்னைக்கும் கராச்சியில பாகிஸ்தான் விமானப்படை மியூசியத்துல நிக்குது. "சேபர் கொல்லி"யோட முழுக் கதையைச் சொன்னா இதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

சரி, அந்த டிராயிங்குக்குள்ள இருந்த ஆபத்து. சின்னதா இருக்கிறதுக்கு ஒரு விலை உண்டு. எல்லாத்தையும் நெருக்கி அடைக்கணும், ஒரே பாகத்தை ரெண்டு வேலைக்கு வெக்கணும். நாட்ல தனியா ஏர்பிரேக் கிடையாது; சக்கரத்தைப் பாதி இறக்கினா, அதோட கதவுகள் காத்தைத் தடுத்து அதுவே பிரேக். புத்திசாலித்தனம்தான். துப்பாக்கி ரெண்டே ரெண்டு, 30 மில்லிமீட்டர் ஏடன் ரகம், ஒவ்வொண்ணுக்கும் 115 குண்டு. ஒரு குண்டு பட்டாலே எதிரிக்குப் பெரிய சேதம். ஆனா விடாம அழுத்துனா ஆறு செகண்டுக்குள்ள காலி. 1965-ல பல தடவை அதுக்கு முன்னாடியே துப்பாக்கி ஜாம் ஆகி, சேபர் எதிர்லயே இருந்தும் பைலட் கையைப் பிசைஞ்சுக்கிட்டுத் திரும்ப வேண்டியதாப் போச்சு.

எல்லாத்தையும் விட மோசம், வால். ஒரு சாதாரண விமானத்துல வால்ல கிடைமட்டமா இருக்கிற சின்ன ரெக்கை அசையாது; அதோட பின்பக்க விளிம்பு மட்டும் மேல கீழ மடங்கும். அதுதான் மூக்கைத் தூக்கும், இறக்கும். நாட்ல அந்த வால் ரெக்கை முழுசும் ஒரே பலகையா அசையும். ஒலி வேகத்துக்குப் பக்கத்துல பறக்க அதுதான் சரி. ஆனா அந்தப் பலகையை மனுஷன் கையால அசைக்க முடியாது, ஹைட்ராலிக் அழுத்தம்தான் அசைக்கும். ஹைட்ராலிக் போச்சுன்னா?

கார்ல பவர் ஸ்டீயரிங் போனா ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆகும், ஆனாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் திருப்பிடலாம். நாட்ல அப்படி இல்ல. அந்த நொடியில பலகை எந்தக் கோணத்துல இருந்துச்சோ அங்கயே உறைஞ்சிடும். பைலட் ஒரு பூட்டை விடுவிச்சு, பலகையோட விளிம்புல இருக்கிற சின்னத் துண்டை மட்டும் தன் கைபலத்தால அசைக்கணும். உறைஞ்ச பலகையோட கோணத்தை ஒரு சின்ன மின்மோட்டார் மூலமா மெதுவா சரிக்கட்டணும். இதை வரிசை மாத்தாம, வேகம் சரியா இருக்கிறப்பவே செய்யணும். பிரிட்டன்ல பயிற்சி மாணவர்கள் இந்த வரிசையை மறக்காம இருக்க, ஒவ்வொரு படியோட முதல் எழுத்தையும் கோத்து ஒரு சொல்லாக்கி மனப்பாடம் பண்ணியிருக்காங்க. 30,000 அடியில இதுக்கு நேரம் இருக்கும். தரையை ஒட்டிப் பறக்கிறப்ப, மூக்கு கீழ சாய்ஞ்ச நிலையில பலகை உறைஞ்சா, யோசிக்கக்கூட நேரம் கிடையாது.

சக்கரத்துலயும் இதே மாதிரி ஒரு வம்பு. சக்கரம் உள்ள போறப்பவும் வெளிய வர்றப்பவும் விமானத்தோட சமநிலை மாறும். அதுக்கு ஈடா வால் பலகையோட நிலையைத் தானா நகர்த்த ஒரு பொறிமுறை வெச்சிருந்தாங்க. டேக் ஆஃப் ஆன கையோட அது கோளாறானா மூக்கு எகிறிடும். சண்டையில இல்ல, சாதாரணப் பயிற்சி நாள்கள்லயே இப்படி பைலட்டுகள் இறந்திருக்காங்க. அவங்களுக்கு வீர் சக்ரா கிடையாது, ஃபார்வர்டும் கிடையாது.

எந்தச் சின்ன உருவம் சேபரோட கண்ணுல இருந்து காப்பாத்துச்சோ, அதே நெருக்கம்தான் ஹைட்ராலிக் போனா பைலட்டைக் கைவிட்டுச்சு. கேம்ல "டர்ன் ரேட்"னு ஒரு எண் வரும், "வால் உறையும் வாய்ப்பு"ன்னு எண் வராது.

1971-க்கு வரலாம். நவம்பர் 22, போர் அறிவிப்புக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கு. கிழக்கு எல்லையில போய்ரா. நம்ம படையையும் முக்தி வாஹினியையும் தாக்க சேபர் வந்துபோய்க்கிட்டிருந்துச்சு. அன்னைக்கு மூணு முறை வந்துச்சு. மூணாவது முறை, கல்கத்தா டம்டம்ல இருந்து 22-வது ஸ்குவாட்ரனோட நாலு நாட் பாய்ஞ்சுது. மாஸ்ஸி, கணபதி, லாசரஸ், சோரெஸ். சில நிமிஷம்தான் சண்டை. மூணு சேபரை வீழ்த்தினோம்னு இந்தியா சொல்லுச்சு. ரெண்டுதான், மூணாவது திரும்பி வந்துச்சுன்னு பாகிஸ்தான் சொல்லுச்சு. ரெண்டு பைலட் பாராசூட்ல இறங்கிச் சிறைபட்டாங்க, அதுல சந்தேகமில்ல. அதுல ஒருத்தர் பர்வேஸ் மெஹ்தி குரைஷி.

இந்தக் குரைஷி 1997-ல பாகிஸ்தான் விமானப்படைத் தலைவரானார். அவர் விமானத்தைச் சுட்ட குழுவுல இருந்த டொனால்ட் லாசரஸ் ஓய்வுக்கப்புறம் நம்ம குன்னூர்ல வந்து குடியேறினவர். அவர் குரைஷிக்கு ஒரு வாழ்த்துக் கடிதம் எழுதினார்: நாம ஏற்கெனவே சந்திச்சிருக்கோம், வானத்துலங்கிற மாதிரி. குரைஷி பதிலும் போட்டார். எனக்கு அந்தக் கடிதப் போக்குவரத்து சண்டையைவிடப் பெரிசாத் தெரியுது, ஆனா அது என் கருத்து.

டிசம்பர் 14, ஸ்ரீநகர். 18-வது ஸ்குவாட்ரனோட நாட் தளம். பெஷாவர்ல இருந்து ஆறு சேபர் வந்து ரன்வேயில குண்டு போட ஆரம்பிச்சுது. குண்டு விழுந்துக்கிட்டிருக்கிறப்பவே ஃபிளையிங் ஆஃபீசர் நிர்மல்ஜித் சிங் சேகோன் ரன்வேயில ஓட்டி மேல ஏறினார். கூடப் போன இன்னொரு நாட்டோட தொடர்பு விட்டுப்போச்சு. தனியா அத்தனை சேபரோட மல்லுக்கட்டினார். கடைசியில அவர் விமானம் பள்ளத்தாக்குல விழுந்துச்சு. அவருக்குப் பரம்வீர் சக்ரா. இந்திய விமானப்படையில அந்த விருது வாங்கினவர் இன்னைக்கு வரைக்கும் அவர் ஒருத்தர்தான். பெங்களூர்ல செஞ்ச ஒரு கொசு ரகத்துல உட்கார்ந்துதான் அதை வாங்கினார்.

இப்ப டிராயிங் கதைக்குத் திரும்புவோம். இத்தனை வருஷம் செஞ்சு, ஓட்டி, விபத்து அறிக்கைகளைப் படிச்சு, எச்.ஏ.எல். ஆட்கள் கடைசியா அந்தக் கேள்வியைக் கேட்டாங்க: இது ஏன் இப்படி இருக்கு, மாத்தினா என்ன? வால் கட்டுப்பாட்டைத் திருத்தினாங்க. ரெக்கைக்குள்ளயே எரிபொருளை வெச்சாங்க. அதனால ரெக்கைக்கு அடியில டேங்க் மாட்டுற இடம் ஆயுதத்துக்குக் கிடைச்சுது. இஜெக்‌ஷன் சீட்டை மாத்தினாங்க. அந்தத் திருத்தின விமானம் 1975-ல பறந்துச்சு. பேரு அஜீத். வெல்ல முடியாததுன்னு அர்த்தம். தல ரசிகர்கள் அமைதி காக்கவும், அவருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. 1991 வரைக்கும் படையில இருந்துச்சு.

அஜீத் அற்புதமான விமானமா? அப்படிச் சொல்ல மாட்டேன். எஞ்சின் அதே பழைய ஆர்ஃபியஸ், அதுக்குள்ள உலகம் மிக்-21-க்கு எப்பவோ போயிடுச்சு. பதினாறு வருஷம் லேட். ஆனா அடுத்தவன் டிராயிங்ல கை வெச்சு, ஏன்னு கேட்டு, திருத்தி, பறக்க விட்டாங்க.

சும்மா டிராயிங் இல்லாமலேயும் ஒண்ணு செஞ்சாங்க. அது தனி எபிசோடுக்கு உரியது, சுருக்கமா சொல்றேன். கேம்ல ஃபோக்கே-வுல்ஃப் 190 ஓட்டாதவங்க இருக்க மாட்டீங்க. அதை வடிவமைச்ச குர்ட் டாங்க் 1956-ல பெங்களூர் வந்து, எச்.ஏ.எல்.-ல மாருத்-னு ஒரு ஜெட்டை வடிவமைச்சார். 1961 ஜூன் 17 அன்னைக்கு அதை முதல்ல ஓட்டினவர் சுரஞ்சன் தாஸ். மாருத்துக்குள்ள இருந்ததும் நாட்டோட அதே எஞ்சின் குடும்பம்தான், ஒண்ணுக்கு ரெண்டா. இன்னும் பலமான எஞ்சின் கிடைக்காம மாருத் கடைசி வரைக்கும் மூச்சுத் திணறுச்சு. 1970 ஜனவரியில ஒரு மாருத் விபத்துலதான் தாஸ் இறந்தார். பழைய மெட்ராஸ் ரோட்டுல இருந்து எச்.ஏ.எல். பக்கம் இறங்குறப்ப ஒரு போர்டு வரும், "சுரஞ்சன் தாஸ் ரோடு". ஓசூர்ல இருந்து தினமும் பைக்ல போற ஐ.டி. ஆட்கள் எத்தனை பேர் அந்தப் போர்டுக்குக் கீழ நின்னு சிக்னலைத் திட்டியிருப்பீங்க. நானும் திட்டியிருக்கேன்.

நம்ம ஓசூர்லயே ஒரு ரன்வே இருக்குங்கிறதும் பலருக்குத் தெரியாது. தளி ரோட்டுல பெலகொண்டப்பள்ளியில, டானேஜா ஏரோஸ்பேஸோடது. 1990-கள்ல அங்க சின்ன விமானங்களைச் செஞ்சிருக்காங்க. எச்.ஏ.எல். ஒரு பக்கம், இது ஒரு பக்கம், நடுவுல நம்ம லேத் பட்டறைகள்.

தம்பி, உங்க கேள்விக்கு: கேம்ல மிக்-15 எடுங்க, சேபரோட திரும்புற போட்டிக்குப் போகாதீங்க, மேல ஏறி வந்து அடிச்சுட்டு மறுபடி மேல போங்க. நாட் பைலட்டுகளும் அதைத்தான் பண்ணினாங்க. நேர்ல பார்க்கணும்னா எச்.ஏ.எல். ஹெரிடேஜ் மியூசியம் போங்க, மாரத்தஹள்ளிக்குக் கொஞ்சம் முன்னாடி. அங்க மாருத்தும் அஜீத்தும் நிக்குது. அஜீத்தோட பின்பக்கம் போய் அந்த வால் பலகையைப் பாருங்க, முழுசா அசையுற ஒரே பலகை. ஞாயித்துக்கிழமை காலையில சீக்கிரம் கிளம்புங்க, அப்பதான் சில்க் போர்டு கொஞ்சம் காலியா இருக்கும்.